அந்தச் சிப் ‘இல்லை’ என்றது

சிப் மேல் எனக்குக் கோபமில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் துண்டு அது. அதன் மேல் தங்கத்தில் மெல்லிய கோடுகள், இரண்டு சீப்புகளைப் பல்லுக்குள் பல்லாகச் செருகியதுபோல. அதில் ஒரு சொட்டு விட்டால், அந்தச் சொட்டு வழியாக மின்சாரம் சுலபமாகப் போகிறதா, சிரமப்பட்டுப் போகிறதா என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதன் வாயில் பெரிய வார்த்தைகளைப் போட்டது மனிதர்கள். அவர்களில் ஒருவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. இன்னொருவர் மேலும் இருக்கிறது, அது நான்.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்தபோது என்னிடம் பாளையங்கோட்டையில் படித்த எம்.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ் இருந்தது. கணவருக்கு ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் அடுக்குமாடியில் காலை ஏழு மணிக்கெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கும். கழுத்தில் அட்டை தொங்க, ஈரத் தலையோடு பெண்கள் ஓடி ஏறுவார்கள். நான் டவுன் பஸ் பிடித்துத் தார்நாகா போவேன். ‘நீங்க ஏன் சாஃப்ட்வேர் பக்கம் போகலை?’ என்று கேட்காத ஆளில்லை. நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிராஜெக்ட் ஊழியராகச் சேர்ந்து, பிறகு அங்கேயே பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தேன். என் பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள்.

எங்கள் வேலையை இப்படிச் சொல்லலாம். டெங்குக் காய்ச்சல் வந்தால், வைரஸ் வெளியே விடும் ஒரு புரதம் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தில் தெரியும். அதைப் பிடிக்க வழக்கமான சோதனையில் நிறம் காட்டும் ஒரு பொருளை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும்; நிறம் மாறினால் நோய் உண்டு. அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். நாங்கள் நிறமே இல்லாமல் பார்க்க நினைத்தோம். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் இன்னொரு புரதத்தைத் தங்கக் கோடுகள் மேல் ஒட்டிவைக்க வேண்டும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை ஒரு மஞ்சள் உப்புக் கரைசலில் கலந்து மேலே விட வேண்டும். தேடுகிற புரதம் இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மின்சாரத்துக்கு வழி அடைபடும், தடை கூடும். தடை கூடினால் உண்டு, கூடாவிட்டால் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். நினைத்துப் பார்க்கும்போது இப்போதும் அழகான யோசனைதான்.

புரதத்தை ஒட்டவைப்பது வாரங்கலிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வேலை. என்னைவிட ஐந்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். அளப்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் மேலே குழுத் தலைவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்து திரும்பியவர், கூட்டங்களில் அவர் பேசினால் பின் வரிசையில் இருக்கிறவர்கூடச் செல்போனைக் கீழே வைப்பார். என்னோடு மட்டும் தமிழில் பேசுவார். அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஓர் ஏப்ரல் மாதம் எங்கள் அறையின் ஏ.சி. கெட்டுப்போனது. காலையில் ஐஸ் பெட்டியிலிருந்து புரதம் கலந்த ஒரு குப்பியை எடுத்து அளந்தேன். தடை நன்றாக ஏறியது, உண்டு. சாப்பிட்டுவிட்டு வந்து அதே குப்பியை மறுபடி அளந்தேன். குப்பி அதுவரை மேஜை மேலேயே இருந்தது. தடை ஏறவில்லை, இல்லை. சிப் கெட்டுவிட்டது என்று புதியதை வைத்தேன். அதுவும் இல்லை என்றது. குப்பியைத் திரும்ப ஐஸில் செருகிக் கால் மணி நேரம் கழித்து எடுத்தேன். உண்டு.

வெறும் மஞ்சள் கரைசலை எடுத்துக்கொண்டேன். அதில் எந்தப் புரதமும் கிடையாது, ரத்தம் கிடையாது, எதுவும் கிடையாது. ஐஸில் வைத்து விட்டேன், உண்டு. கைக்குள் மூடி வெதுவெதுப்பாக்கி விட்டேன், இல்லை. குளிர்ந்த கரைசலில் மின்சாரம் சிரமப்பட்டுத்தான் போகும், அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. புரதம் ஒட்டுவதால் வரும் மாற்றம் சின்னது. சில டிகிரி குளிர் தரும் மாற்றம் அதை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. நாங்கள் இரண்டு வருஷமாகப் புரதம் கலந்த குப்பிகளைக் கெட்டுப்போகாமல் இருக்க ஐஸில் வைத்தோம். புரதம் கலக்காத குப்பிகளை மேஜையில் வைத்தோம். இரண்டு வருஷமாக நாங்கள் காட்டிய அழகான வரைபடங்கள் எல்லாம் ஒரு தெர்மாமீட்டரின் வரைபடங்கள்.

மறுநாள் மாலையே தலைவரிடம் போனேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இன்றுவரை என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. புரியாமல் செய்தவரை என்ன செய்ய முடியும்?

“இங்க பாரும்மா,” என்றார். “எல்லா சாம்பிளையும் அரை மணி நேரம் ஒரே டெம்பரேச்சர்ல வெச்சிட்டு அளந்தா போச்சு. இதுக்கு ஏன் இவ்ளோ பதட்டம்?”

“அப்படி வெச்சும் பார்த்தேன் சார். சிக்னல் ரொம்பக் கம்மியாயிடுது. நம்பி எதுவும் சொல்ல முடியாது. ஒரே சிப்புல ரெண்டு ஜோடி கோடு போட்டுடலாம் சார். ஒண்ணுல புரதம் ஒட்டணும், இன்னொண்ண வெறுமனே விடணும். ரெண்டுக்கும் ஒரே குளிர், ஒரே உப்பு. ஒண்ணுலேந்து ஒண்ண கழிச்சா மிச்சம் இருக்கறது மட்டும்தான் நெஜமா ஒட்டினது.”

வீட்டிலிருந்து வரைந்து கொண்டுபோயிருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார்.

“நல்லாருக்கு. அடுத்த வெர்ஷன்ல பண்ணலாம். இப்ப மாத்தினா புது சிப் வர மாசக்கணக்காகும். மழைக்காலம் வந்துட்டா ஆஸ்பத்திரியில டிரையல் ஆரம்பிச்சாகணும். பணம் குடுக்கறவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்.”

“சார், டிரையல்…”

“ரிசல்ட் எந்தப் பேஷன்ட்டுக்கும் போகாது. உன் நோட்ல மட்டும் எழுதப் போற. யாருக்கு என்ன நஷ்டம்? உன் தீசிஸுக்கும் ஒரு சாப்டர் ஆச்சு.”

நான் தலையாட்டினேன். ‘சரி சார்’ என்றுகூடச் சொன்னேன். என் நோட்டையும் படத்தையும் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டு கிடைத்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன். வாரங்கல் பெண்ணிடம் மறுநாள் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, எனக்கு இன்னும் எட்டு மாசத்துல தீசிஸ் குடுக்கணும். வீட்ல சம்பந்தம் பார்த்துட்டாங்க,” என்றாள். அன்றும் அவள் புரதத்தை ஒட்டினாள், நான் அளந்தேன்.

ஆகஸ்டில் ஊருக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், காய்ச்சல் வார்டை ஒட்டிய சின்ன அறையில் எங்கள் கருவியை வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அது திரையில் எண் காட்டும் பெட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதன் முகத்தில் இரண்டு விளக்குகள் வந்திருந்தன. உண்டு என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை. தலைவர் சொல்லிப் பட்டறையில் பொருத்தியது. ‘பார்க்க வர்றவங்களுக்குப் புரியணும்’ என்றார். என் நோட்டில் மட்டும் எழுதப்போகிற ஒரு முடிவுக்கு விளக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷ மழையில் வார்டு நிரம்பி வழிந்தது. ஒரு கட்டிலில் இரண்டு பேர், நடைபாதையில் பாய். ரத்தத்தை வழக்கமான சோதனைக்கு வேறிடத்துக்கு அனுப்பினால் மறுநாள் மாலைதான் பதில் வரும். என் அறையில் சில நிமிடங்களில் விளக்கு எரிந்தது. முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் குப்பிகளைக் கொண்டுவரும் வார்டு உதவியாளர், நடு வயதுக்காரர், கதவோரம் நின்று கேட்க ஆரம்பித்தார்.

“லால் ஆயா கி ஹரா, அம்மா?” சிவப்பா பச்சையா என்று.

“அது சும்மா. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்,” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

“ஹவ், ஹவ்,” என்று தலையாட்டிவிட்டுப் போய் டாக்டரிடம் சொன்னார்.

அந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம், காலில் ரப்பர் செருப்பு. அதற்கு நாலாவது நாள் அவளே எட்டிப் பார்த்து, “பதினோராம் நம்பர் பச்சையா?” என்றாள்.

“டாக்டர், அதைப் பார்க்காதீங்க. அது இன்னும் சோதனையிலதான் இருக்கு.”

“தெரியும். சும்மா ஒரு ஐடியாவுக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த எச்சரிக்கையை ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. அவள் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்து நிறுத்தி, ‘இந்தப் பெட்டி குளிரைத்தான் பார்க்கிறது, நோயைப் பார்க்கவில்லை’ என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தலைவருக்கு எட்டும் என்று நினைத்தேன். ராத்திரி எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த ரத்தம் எல்லாம் சிவப்பு, பகலில் அப்போதுதான் எடுத்த ரத்தம் எல்லாம் பச்சை. அது என் கண் முன்னால் வரிசையாக நடந்தது. நான் அதை நல்ல கையெழுத்தில் நோட்டில் எழுதினேன்.

ஒரு மத்தியானம் மல்காஜ்கிரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவர் ரயில்வேயில் வேலை செய்கிறவர், சீருடையோடு வந்திருந்தார். அவள் ரத்தக் குப்பி, தெளிநீர் பிரிக்கச் சுழற்றும் மெஷினிலிருந்து சூட்டோடு வந்தது. மேஜையில் ஏழெட்டுக் குப்பிகள் காத்திருந்தன. தலைவர் சொன்ன அந்த அரை மணி நேரம் நான் வைக்கவில்லை. உடனே சொட்டு விட்டேன். பச்சை எரிந்தது. அரை மணி நேரம் வைத்திருந்தால் மட்டும் சரியாகச் சொல்லியிருக்குமா என்றால், அதற்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவளை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் இல்லை, காய்ச்சலும் அன்று குறைந்திருந்தது, பச்சையும் எரிந்திருந்தது. மூன்றில் எது காரணம் என்று அந்த டாக்டரைக் கேட்டால் அவளுக்கே தெரியாமல் இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது அந்தக் கணவர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதே சீருடை, கசங்கி. மனைவியை ராத்திரி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாடி பிடிபடவில்லையாம், கை கால் எல்லாம் சில்லிட்டுப் போய் உள்ளே தீவிர சிகிச்சையில் இருந்தாள். வழக்கமான சோதனையின் பதில் அதற்கு முந்தின நாளே வந்து, யாரும் பார்க்காமல் கட்டோடு கட்டாகக் கிடந்திருக்கிறது: டெங்கு. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“மெஷின் மேடம் நீங்கதானே,” என்றார் தெலுங்கில். “அன்னைக்கு மெஷின்ல ஒண்ணும் இல்லைன்னு வந்ததால ரெண்டு நாள் பயமில்லாம இருந்தோம் மேடம். பிள்ளைங்களும் நல்லாத் தூங்குச்சு. இப்ப என்ன ஆச்சுன்னு தெரியலை. நீங்க ஒரு தடவை மறுபடி மெஷின்ல பார்த்துச் சொல்றீங்களா?”

எனக்கு யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. “டாக்டர் பார்த்துப்பாங்க,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அன்று எந்தக் குப்பியையும் வாங்கவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கணவரிடம் எல்லாவற்றையும், ஏப்ரல் மாதத்து ஐஸ் பெட்டியிலிருந்து சொன்னேன். அவர் திருநெல்வேலியை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும் பேச்சு மாறாதவர்.

“அந்தப் புள்ள பிழைச்சிருவாளா?”

“தெரியல. ரெண்டு நாள் போகணும்னு சொல்லுதாவ.”

“எங்க பிளாண்ட்ல ஒரு போர்டு ஃபெயிலாச்சுன்னா செவப்புச் சீட்டு கட்டித் தனியா வச்சிருவோம். பெரிய ஆபீசர் வந்து கையெழுத்துப் போட்டாலும் அது வெளிய போவாது. நீ கட்டுனியா?”

“சொன்னேன்லா. அவிய கேக்கல.”

“சொன்னது சரி. கட்டுனியான்னு கேட்டேன்.”

எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “நீங்களும் என்னையே சொல்லுதிய” என்று கத்தினேன். எங்கள் பெண் பயந்துபோய் என்ன என்று கேட்டாள். கணவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

மறுநாள் தலைவரின் அறையில் நான் உட்காரவில்லை.

“டிரையலை நிறுத்தணும் சார்.”

விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது. “டாக்டர் பண்ணின தப்புக்கு நாம என்ன பண்றது? பார்க்கச் சொல்லி நாம சொன்னமா?”

“அப்ப லைட்டு எதுக்கு சார் வெச்சீங்க?”

“லைட்டை எடுத்துடலாம். நாளைக்கே எடுக்கச் சொல்றேன்.”

“லைட்டுல இல்ல சார் தப்பு. அந்தச் சிப்புக்கு எதுவுமே தெரியாதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏப்ரல்லயே தெரியும்.”

அவர் குரலை ரொம்ப மென்மையாக்கிக்கொண்டார். “நீ ஒரு அம்மா. அதனால உனக்கு அந்தப் பொண்ணைப் பார்த்ததும் மனசு கலங்கிடுச்சு. எனக்குப் புரியறது. நாலு நாள் லீவ் எடுத்துக்கோ. அடுத்த மாசம் ரிவ்யூ கமிட்டி வருது, நீதான் டெமோ பண்ணணும், தெளிவா வா.”

அப்பா தன் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். நான் எழுதி எடுத்துப்போயிருந்த இரண்டு பக்க அறிக்கையை மேஜையில் வைத்தேன். அதை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார். அந்த இழுப்பறை மூடிய சத்தத்தில்தான் நான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன். லீவ் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. எனக்குப் பதில் வாரங்கல் பெண்ணை அனுப்பினார். விளக்கை மட்டும் எடுத்துவிட்டார்கள், டிரையல் நடந்துகொண்டுதான் இருந்தது.

ரிவ்யூ அன்று வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண்மணி. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். அந்த வரைபடங்கள் எல்லாம் திரையில் வந்தன. பிறகு டெமோ. வாரங்கல் பெண் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தாள். நான் அவற்றைத் தொடவில்லை. மஞ்சள் கரைசல் இருந்த பாட்டிலிலிருந்து நானே எல்லோருக்கும் முன்னால் இரண்டு குப்பிகளில் ஊற்றினேன். ஒன்றை ஐஸில் செருகினேன், மற்றதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

“இதில் டெங்குப் புரதம் கிடையாது. ரத்தம் கிடையாது. வெறும் உப்புக் கரைசல்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர், “என்ன பண்ற நீ?” என்று தமிழில் கேட்டார், சன்னமாக. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐஸிலிருந்த குப்பியை அந்தப் பெண்மணியிடமே கொடுத்துச் சொட்டு விடச் சொன்னேன். திரையில் தடை ஏறியது. அன்றைய டெமோவுக்காக விளக்கைத் திரும்பவும் மாட்டியிருந்தார்கள், சிவப்பு எரிந்தது. சிப்பைக் கழுவி, என் உள்ளங்கையில் இருந்ததை விட்டேன். பச்சை. மறுபடி ஐஸ், மறுபடி சிவப்பு.

அந்தப் பெண்மணி என்னைக் கேட்டார், “இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?”

“ஏப்ரலிலிருந்து, மேடம்.”

“டிரையல் ஆரம்பித்தது?”

“ஆகஸ்டில்.”

“யார் ஆரம்பிக்க விட்டது?”

‘அவர்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்காகவே அந்த ஒரு மாதமும் காத்திருந்தேன். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பிளக்கைப் பிடுங்கிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அதை முதல் நாளே பிடுங்கியிருக்கலாம். “நாங்கள்” என்றேன்.

அப்போது தலைவர் எழுந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “எங்கள் குழு இந்தக் குறையைத் தானே கண்டுபிடித்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்,” என்று ஆரம்பித்தார். “எங்கள் நேர்மைக்கு இது சாட்சி. இதற்குத் தீர்வும் தயாராக இருக்கிறது.” மடிக்கணினியில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். ஒரே சிப்பில் இரண்டு ஜோடி கோடுகள், ஒன்றில் புரதம், ஒன்று வெறுமை. நான் பென்சிலில் வரைந்ததை யாரோ கம்ப்யூட்டரில் அழகாக வரைந்திருந்தார்கள். அவர் அதை முன்னமே தயார் செய்து வைத்திருந்தார். மாட்டிக்கொண்டால் காட்டுவதற்காக. மாட்டாவிட்டால் காட்டாமல் இருப்பதற்காக.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கையிலிருந்த குப்பியை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை. குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

டிரையலை அன்றே நிறுத்தினார்கள். பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது. எனக்கு வேண்டியது அதுதான், அது கிடைத்தது. பிராஜெக்ட்டையும் நீட்டித்தார்கள், புதிய சிப் செய்வதற்கு. என்னை மட்டும் நீட்டிக்கவில்லை. காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரிக் கடிதம். பிஎச்.டி. பாதியில் நின்றது, இன்றும் பாதியில்தான் நிற்கிறது. வாரங்கல் பெண் நேரத்துக்குத் தீசிஸ் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை தபாலில் அனுப்பினாள். நான் போகவில்லை. அவளிடம் எனக்குக் கோபம் இருக்கக்கூடாது என்று எனக்கே தெரியும். இருந்தும் போகவில்லை.

ரிவ்யூ முடிந்த வாரம் மல்காஜ்கிரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் விலாசம் பார்த்து எழுதி வைத்திருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. அந்தப் பெண்ணே கதவைத் திறந்தாள். பிழைத்திருந்தாள். கன்னம் ஒட்டி, சீவினால் கொத்தாக வருகிறது என்று முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்: அந்த மெஷின் சொன்னது தப்பு. அது தப்பாகச் சொல்லும் என்று எனக்கு முன்பே தெரியும்.

அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். “அப்ப அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பாங்களா?”

“சேர்த்திருக்கலாம்.”

“எந்துகு செப்பலேது?” ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. மறுபடி கேட்டாள். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஏன் சொல்லலை?” மூன்றாவது தடவை கேட்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். செய்து முடித்த பெட்டிகளை வெளியே அனுப்பும் முன் பார்ப்பது என் வேலை. சந்தேகம் வந்தால் அனுப்ப விட மாட்டேன். முதலாளி கெஞ்சினாலும், லாரி வாசலில் நின்றாலும். அங்கே எனக்கு ‘நக்கோ மேடம்’ என்று பெயர். வேண்டாம் என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவள் என்று அர்த்தம். சண்டைக்காரி என்றும் சொல்வார்கள். சொல்லட்டும்.

சில வருஷம் கழித்துத் தார்நாகா காய்கறிச் சந்தையில் தலைவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். மனைவியோடு கீரை வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“எப்படிம்மா இருக்க? இன்னும் என் மேல கோபம்தானா?”

“அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு நீங்க ஒரு தடவையாவது விசாரிச்சீங்களா சார்?”

அவர் புருவத்தைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். “எந்தம்மா?”

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. கமிட்டி ஞாபகம் இருந்தது, டெமோ ஞாபகம் இருந்தது, நான் குப்பியை உடைத்தது ஞாபகம் இருந்தது. அவள் ஞாபகம் இல்லை.

அங்கேயே, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன். மல்காஜ்கிரி, பச்சை விளக்கு, ஏப்ரல், இழுப்பறை, எல்லாவற்றையும். அவர் இரண்டு தடவை “போதும்மா, விடு” என்றார். நான் விடவில்லை. தராசுக்காரர் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தலைவரின் மனைவி கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும் கணவரைத் திரும்பிப் பார்த்தார், பையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

வெளியே என் கணவர் ஸ்கூட்டரில் காத்திருந்தார். “தக்காளி வாங்கலையா?” என்றார்.

“இல்ல. வண்டிய எடுங்க,” என்றேன்.